பிறர் சுவரில் ஒரு துளை

வாடகை வீட்டில் குடியிருந்த எல்லோருக்கும் ஒரு சட்டப் புத்தகம் மனப்பாடம். அதை யாரும் அச்சடித்துக் கையில் கொடுப்பதில்லை. சாவி வாங்கும் அன்று வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார்கள். செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. மோட்டார் காலையில ஒரு தடவைதான். சொந்தக்காரங்க வந்தா ரெண்டு நாள், அதுக்கு மேல தங்கக் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு கேட்டைப் பூட்டிடுவோம். சில வீடுகளில் கவிச்சி சமைக்கக் கூடாது என்பதும் சேரும். நாமும் தலையாட்டிவிட்டு அட்வான்ஸை எண்ணிக் கொடுக்கிறோம்.

இந்த விதிகளில் பெரும்பாலானவற்றோடு வாழ்ந்துவிட முடிகிறது. கல்யாண ஃபோட்டோவை மாட்ட முடியாவிட்டால் பீரோ மேல் சாய்த்து வைக்கலாம். தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைக்கலாம். ஆனால் ஏதாவது ஒரு 'கூடாது' நம் பிழைப்பின் மேலேயே கை வைக்கும்போது, அதுவரை கேட்காமல் இருந்த கேள்வி எழுகிறது. கூடாது என்று சொல்லும் உரிமை இவருக்கு எங்கிருந்து வந்தது? அது எதுவரைக்கும் செல்லும்?

எனக்கு இந்தக் கேள்வி ஒரு கம்பியிலிருந்து வந்தது. வீட்டின் இணைய இணைப்பைச் செம்புக் கம்பியிலிருந்து கண்ணாடி இழைக்கு மாற்ற வேண்டும். சொந்த வீடாக இருந்தால் அரை நாள் வேலை. வாடகை வீட்டில் அது ஓர் அறக் கேள்வியாகிவிட்டது.

*

நாங்கள் இருப்பது திருநாவலூரில். உளுந்தூர்பேட்டைக்குப் பக்கம், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே. 2019 நவம்பர் வரை விழுப்புரம் மாவட்டம், அதன் பிறகு கள்ளக்குறிச்சி. மனைவிக்குப் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் வேலை. எனக்குச் சென்னைக் கம்பெனி, ஆனால் வேலை வீட்டிலிருந்தே. முன் போர்ஷனில் வீட்டுக்காரம்மா தனியாக இருக்கிறார். பின் போர்ஷனில் நாங்கள். அவர் வீட்டு லேண்ட்லைனில் வரும் பிராட்பேண்டை நான் பயன்படுத்திக்கொள்வது, பில்லை நான் கட்டுவது என்று ஏற்பாடு. அந்த இணைப்பு இன்றும் அவருடைய மறைந்த கணவரின் பெயரில்தான் இருக்கிறது.

செம்புக் கம்பி பேசுவதற்காகப் போடப்பட்டது. மனிதக் குரலுக்கான குறைந்த அதிர்வெண்களைக் கடத்துவதே அதன் வேலை. குரலுக்கு மேலே காலியாகக் கிடக்கும் உயர் அதிர்வெண்களில் தரவை ஏற்றி அனுப்பும் தந்திரம்தான் டிஎஸ்எல். ஏடிஎஸ்எல்2+ என்ற வகை காகிதத்தில் 24 எம்பிபிஎஸ் வரை தரும். அது எக்ஸ்சேஞ்சை ஒட்டிய வீட்டுக்கு. தூரம் கூடக் கூட உயர் அதிர்வெண்கள் கம்பியிலேயே தேய்ந்துபோகும். நாலைந்து கிலோமீட்டர் தள்ளி ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். மழைக்காலத்தில் ஜாயின்ட்டுகளில் ஈரம் இறங்கினால் அதுவும் போச்சு. நாம் மேலே அனுப்பும் வேகம் இதைவிடக் குறைவு. வீடியோ மீட்டிங்கில் என் முகம் உறைந்து நிற்கும், குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வரும். ஆறு மாதம் சமாளித்தேன். பிறகு மேலாளர் நாகரிகமாகச் சொன்னார்: "நெட் சரி பண்ணுங்க, இல்லன்னா சென்னைக்கு வந்துடுங்க." சென்னைக்குப் போவதென்றால் ஒரே குடும்பத்துக்கு இரண்டு வாடகை, வாரம் ஒரு பஸ்.

ஒளியிழையில் இந்தச் சிக்கல்கள் இல்லை. ஒளி செல்லும் மையப்பகுதியின் குறுக்களவு சுமார் ஒன்பது மைக்ரான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. இன்று வீடுகளுக்கு வரும் ஜிபான் முறையில் ஒரே இழை நொடிக்கு 2.5 ஜிகாபிட் அளவுக்குக் கொண்டுவந்து, ஸ்பிளிட்டர் வழியாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. இருபது கிலோமீட்டர் வரை தாக்குப்பிடிக்கும். மழை ஈரம் அதை ஒன்றும் செய்யாது. நாடு முழுக்க ஊராட்சிகளுக்கு இந்த இழையைக் கொண்டுபோகும் திட்டத்துக்குப் பெயர் பாரத்நெட். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைப்பதற்கென்றே மாநில அரசு தனி நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. இத்தனை பெரிய ஏற்பாடும் எங்கள் விஷயத்தில் வந்து நின்றது ஒரு செங்கல் சுவரின் முன்னால். இழையை உள்ளே கொண்டுவர விரல் நுழையாத அளவில் ஒரு துளை வேண்டும்.

"வேணாம் தம்பி" என்றார் வீட்டுக்காரம்மா.

*

அந்த 'வேணாம்' பற்றி யோசிப்பதற்கு முன் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். சட்டம் நீதி இல்லை. ஆனால் நமக்கு முன்னால் இதே கேள்வியில் முட்டிக்கொண்டவர்கள் என்ன முடிவுக்கு வந்தார்கள் என்ற பதிவு அதில் இருக்கிறது.

1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, குத்தகைக்கு விடுபவர், எடுப்பவர் இருவரின் உரிமைகளையும் கடமைகளையும் பட்டியலிடுகிறது. குடியிருப்பவர் தான் பொருத்திய பொருளை, வீடு தன் வசம் இருக்கும்வரை கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் இடத்தை எப்படி வாங்கினாரோ அப்படியே திருப்பித் தர வேண்டும். உரிமையாளர் சம்மதமில்லாமல் நிரந்தரக் கட்டுமானம் எதுவும் எழுப்பக் கூடாது. வாடகைக்காரரை இந்தப் பிரிவு ஒரு விருந்தாளியைப் போலப் பார்க்கிறது. வரலாம், இருக்கலாம், தடயமில்லாமல் போக வேண்டும்.

மூன்றே ஆண்டுகள் கழித்து, 1885இல், இந்தியத் தந்திச் சட்டம் வந்தது. அதன் பத்தாவது பிரிவு வேறு மாதிரிப் பேசுகிறது. தந்தித் துறை பிறர் நிலத்தின் மேலும் கீழும் குறுக்கும் கம்பி கொண்டுபோகலாம், கம்பம் நடலாம். அதனால் அந்த நிலத்தின் மேல் அரசுக்கு வேறு எந்த உரிமையும் வந்துவிடாது, பயன்படுத்தும் உரிமை மட்டும்தான். சேதம் முடிந்த அளவு குறைவாக இருக்க வேண்டும், ஆன சேதத்துக்கு முழு ஈடு தர வேண்டும். இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. தனியார் இடமென்றால் உரிமையாளரோடு ஒப்பந்தம் பேச வேண்டும் என்கிறது அது. ஒப்பந்தம் படியாவிட்டால், பொதுநலனுக்குத் தேவை என்று கருதும்போது அரசு தலையிட்டு வழி ஏற்படுத்தலாம்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. கம்பம் நடும் துறைக்கு நிலத்துக்காரரின் பிரியம் கடைசி வார்த்தையாக இருந்ததில்லை. அந்தக் கம்பியின் மறுமுனையில் உட்கார்ந்து, அதை நம்பிப் பிழைக்கும் மனிதருக்கு மட்டும் வீட்டுக்காரரின் பிரியம்தான் கடைசி வார்த்தை. ஊரெல்லாம் கம்பி வரலாம், உன் வீட்டுக்குள் வருவதற்கு மட்டும் தயவு வேண்டும்.

ஆனால் 1885இன் சட்டத்தில் ஒரு நல்ல யோசனையும் இருக்கிறது. பயன்படுத்துவது வேறு, சொந்தமாக வைத்திருப்பது வேறு. குறைந்த சேதம், முழு ஈடு என்ற இரண்டு நிபந்தனையோடு ஒருவர் இன்னொருவர் சொத்தைப் பயன்படுத்த முடியும், அதனால் சொத்து கைமாறிவிடாது. காலனி ஆட்சி இந்த யோசனையைத் தன் வசதிக்காகத்தான் எழுதிக்கொண்டது. நாம் அதைக் குடியிருப்பவருக்காக எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

நம் பத்திர மொழியிலேயே இந்தப் பிரிவினை இருக்கிறது. கிரயப் பத்திரத்தில் வாங்குபவர் சொத்தை 'ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று எழுதுவார்கள். ஆளுதல், அனுபவித்தல் என்று இரண்டு சொல். விற்பனையில் இரண்டும் ஒரே கைக்குப் போகின்றன. வாடகையில் பிரிகின்றன. ஆள்வது வீட்டுக்காரர், அனுபவிப்பது குடியிருப்பவர். எங்கள் பக்கத்தில் வீட்டைப் போக்கியத்துக்கு விடுவார்கள். மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால் மாத வாடகை இல்லை, காலி செய்யும்போது தொகை திரும்ப வரும். போக்கியம் என்ற சொல்லும் அனுபவிப்பதைக் குறிப்பதுதான். போக்கியத்துக்கு இருப்பவர் ஆணி அடிக்க யாரையும் கேட்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். பெரிய தொகை கொடுத்தவரின் அனுபவத்துக்கு எலும்பு இருக்கிறது. மாதாமாதம் கொடுப்பவரின் அனுபவம் தயவில் நிற்கிறது.

*

தயவு என்ற சொல்லில் நான் ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறேன் என்று கேட்கலாம். ஒரு வயதான அம்மா சுவரில் ஓட்டை வேண்டாம் என்கிறார், அதற்கு இத்தனை ஆராய்ச்சியா?

சிக்கல் அந்த அம்மாவிடம் இல்லை. காரணம் சொல்லத் தேவையில்லாத 'இல்லை' என்ற வசதியில் இருக்கிறது. தமிழ்நாட்டில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்த வசதி எதற்கெல்லாம் பயன்படுகிறது என்று தெரியும். "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேராகக் கேட்பவர்கள் உண்டு. நேராகக் கேட்கக் கூச்சப்படுபவர்கள், சொந்த ஊர் எது, ஊர்ல எந்தப் பக்கம், குலதெய்வம் எது என்று சுற்றி வருவார்கள். பதில் பிடிக்காவிட்டால், "இப்பதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு" என்பார்கள். அந்த 'டு லெட்' பலகை அடுத்த மாதமும் அங்கேயே தொங்கும். தனியாக இருக்கும் பெண், இஸ்லாமியக் குடும்பம், தலித் குடும்பம், திருநங்கை என்று ஒவ்வொருவருக்கும் கேட்ட பொய்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. சாதி வெளிப்படையாகப் பேச முடியாத இடத்தில் ஒளிந்துகொள்ள, காரணம் கேட்கப்படாத ஒரு 'இல்லை' போதும்.

ஆகவே சொத்தின் மேலான அதிகாரத்தில் இரண்டு வகையைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. ஒன்று, சுவரைக் காப்பாற்றும் அதிகாரம். சுவர் விரிசல் விட்டால் நஷ்டம் அவருக்கு. அதில் அவர் சொல்வதற்கு எடை உண்டு. இன்னொன்று, சுவருக்குள் இருப்பவரின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் அதிகாரம். அதை யாரும் அவருக்கு விற்கவில்லை. பத்திரத்தில் இருப்பது இத்தனை சதுர அடி நிலம், அதன் மேல் இவ்வளவு கட்டடம். அதற்குள் வந்து வாழப்போகும் மனிதர்களின் உணவும் உறவும் பிழைப்பும் எந்தப் பத்திரத்திலும் இல்லை. நடைமுறையில் முதல் அதிகாரம் சத்தமில்லாமல் இரண்டாவதாக மாறிவிடுகிறது. மாறும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழி, 'ஏன்?' என்று கேட்பதுதான். சுவரைப் பற்றிய காரணமென்றால் அதைச் சொல்லிவிட முடியும். மற்றவை பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்ல முடியாதவை.

*

இந்த ஊரில் உட்கார்ந்து ஆண்டானைப் பற்றி யோசிக்கும்போது சுந்தரரை நினைக்காமல் இருக்க முடியாது. அவர் பிறந்த ஊர் இது. நரசிங்க முனையரையர் என்ற சிற்றரசர் அவரைப் பார்த்து ஆசைப்பட்டு, கேட்டு வாங்கி வளர்த்தார் என்கிறது பெரியபுராணம். சுந்தரருக்குக் கல்யாணம் நடக்க இருந்த பந்தலில் ஒரு முதியவர் வந்து நிற்கிறார். இவன் என் அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார். சுந்தரர் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு முதியவரின் ஊரான திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது.

வந்திருப்பது சிவன் என்று கதை கேட்கும் நமக்குத் தெரியும். சபைக்குத் தெரியாது. அதனால் சபை தன் வேலையைச் செய்கிறது. முதியவரின் வாய்ச்சொல்லை அப்படியே ஏற்கவில்லை. ஆதாரம் கேட்கிறது. கிழிந்தது படி, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று அவர் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பாட்டனின் வேறு கையெழுத்தைக் கொண்டுவந்து இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். ஒத்துப்போகிறது. அதன் பிறகும், இந்த ஊர்க்காரன் என்கிறீரே, உம்முடைய வீடு எங்கே, காட்டும் என்கிறார்கள். அவர் நடந்துபோய் திருவருட்டுறைக் கோயிலுக்குள் நுழைந்து மறைகிறார்.

இந்தக் கதையின் பக்திப் பொருளில் நான் கை வைக்கவில்லை. எனக்குப் பிடித்தது அதன் நடைமுறை. உலகத்தையே சொந்தமாக வைத்திருப்பவர், ஒருவனைத் தன் ஆள் என்று சொல்ல வரும்போது, ஊர்ச் சபையில் நின்று காரணம் காட்டியாக வேண்டும். சேக்கிழார் இதை எழுதியது பன்னிரண்டாம் நூற்றாண்டில். சபை அன்று ஏற்றுக்கொண்ட ஓலையை நாம் இன்று ஏற்கமாட்டோம் என்பதும் உண்மை. முன்னோர் எழுதிக் கொடுத்த கடனுக்காகப் பிள்ளைகள் உழைக்க வேண்டியதில்லை என்று 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் சொல்லிவிட்டது. ஆள் மேல் உள்ள உடைமையை ஒழித்துவிட்டோம். சுவர் மேல் உள்ள உடைமை அப்படியே இருக்கிறது, இருக்கட்டும். அந்த வழியாக ஆள் மேல் உள்ள உடைமை திரும்பி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

*

வேறு இடங்களில் இதை எப்படித் தீர்த்தார்கள்? பிரான்சில் 1966இல், வாடகைக்கு இருப்பவர் டிவி, ரேடியோ ஆன்டெனா வைத்துக்கொள்ளும் உரிமைக்கு ஒரு சட்டம் போட்டார்கள். செலவு குடியிருப்பவருடையது. வீட்டுக்காரர் மறுக்கலாம், ஆனால் கனமான, நியாயமான காரணம் இருக்க வேண்டும். 2008இல் இதே உரிமையை ஒளியிழைக்கும் நீட்டித்தார்கள். வீட்டுக்காரரின் வாயை அந்தச் சட்டம் அடைக்கவில்லை, பேச வைக்கிறது.

நமக்கு அருகில், 2019இல், கேரள உயர் நீதிமன்றத்துக்கு ஃபஹீமா ஷிரின் என்ற மாணவியின் வழக்கு வந்தது. கோழிக்கோடு பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் மாலை ஆறு முதல் பத்து வரை பெண்கள் கைப்பேசி வைத்திருக்கக் கூடாது என்று விதி. அதை ஏற்க மறுத்ததால் விடுதியை விட்டு அனுப்பப்பட்டார். இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின், அந்தரங்க உரிமையின் பகுதி என்று சொல்லி, அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. விடுதியும் ஒரு வகையில் பிறர் வீடு. நிர்வாகத்துக்குக் கட்டடம் சொந்தம். ஆறு மணிக்கு மேல் அந்தப் பெண் எதைப் படிப்பாள் என்பது சொந்தமில்லை.

இணையம் சோறு, தண்ணீர் போல அவசியமா என்று சிலர் கேட்பார்கள். என் பதில்: அவசியம் என்பது பொருளில் இல்லை, அதை வைத்து நடக்கும் காரியத்தில் இருக்கிறது. வேலை, பள்ளிப் பாடம், வேலைவாய்ப்புத் தேர்வு விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், பட்டா, மருத்துவர் அப்பாயின்ட்மென்ட் எல்லாவற்றையும் ஆன்லைனில் வா என்று சொல்லிவிட்ட பிறகு, ஆன்லைனுக்குப் போகும் கம்பியை ஆடம்பரம் என்று சொல்வது நியாயமில்லை.

*

இனி வீட்டுக்காரம்மாவின் பக்கம். வாடகைக்காரர்கள் எழுதும் கட்டுரைகளில் வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் வில்லன்களாகவே வருகிறார்கள். எனக்கு அது போதவில்லை. இந்த ஊரில் ஒரு பின் போர்ஷன் வாடகை என்பது பல அம்மாக்களுக்குப் பென்ஷன். அந்தச் சுவரில் ஒரு விரிசல் விழுந்தால் கொத்தனார் கூலி, சிமெண்ட் என்று ஒரு மாத வாடகை போய்விடும். நான் இரண்டு வருடத்தில் போய்விடுவேன், அந்தத் துளையோடு வாழப்போவது அவர். எனவே அவர் 'வேணாம்' என்றதும் எனக்குக் கேட்கத் தோன்றியது ஒன்றுதான்.

"ஏம்மா?"

முதலில் வந்தது சுவர். "பழைய செவுரு தம்பி. டிரில்லிங் மெஷின் வெச்சா பொலபொலன்னு கொட்டும்." நியாயம். சுவரைத் தட்டிப் பார்த்தால் யாருக்கும் தெரியும். இரண்டு நாள் கழித்து, மாலையில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது இரண்டாவது காரணம் வந்தது. இருக்கும் இணைப்பையே ஃபைபருக்கு மாற்றிவிடலாம், நம்பர் அதேதான், செம்புக் கம்பியைக் கழற்றிவிடுவோம் என்று நெட்டுக்காரர் அவரிடமும் சொல்லியிருக்கிறார்.

"கரண்ட் போனா இது ரிங் ஆவுமா தம்பி?"

"ஆவாதும்மா. பெட்டிக்குக் கரண்ட் வேணும்."

"அப்ப எனக்கெதுக்கு அது?"

பழைய தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் தேவையில்லை. எக்ஸ்சேஞ்சில் உள்ள பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் அதே செம்புக் கம்பியில் வருகிறது. கண்ணாடி வழியாக மின்சாரம் வராது. ஒளியை மறுபடி குரலாக மாற்ற வீட்டுக்குள் ஒரு பெட்டி, அதற்கு ஒரு பிளக். 2012இல் பதினான்கு மணி நேர மின்வெட்டுகளில் இருட்டில் உட்கார்ந்திருந்தபோது, வெளியூரில் இருக்கும் மகனின் குரல் அந்தக் கறுப்புப் போனில்தான் வந்தது என்றார். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மாவட்டம் மூழ்கியதை நாங்கள் சேர்ந்து பார்த்திருக்கிறோம். செல்போன் சார்ஜ் இறங்கிக்கொண்டே போகும்போது மனசு என்ன பாடு படும் என்று எனக்கும் தெரியும்.

அந்தப் போன் எளிதில் வந்ததில்லை. கேட்டவுடன் தொலைபேசி கிடைக்கும் நிலையை 1997க்குள் கொண்டுவருவோம் என்று 1994இன் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை இலக்கு வைத்தது. கேட்டவுடன் கிடைக்காத காலம் அது என்பதற்கு அந்த இலக்கே சாட்சி. அவர் கணவர் எழுதி வைத்துக் காத்திருந்து வாங்கிய இணைப்பு. பில்லில் இன்னும் அவர் பெயர் வருகிறது. அந்தப் பெயரும் ஒரு காரணமாக இருக்கலாம். நான் அதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இரண்டு காரணமும் தெரிந்த பிறகு வழி கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. அவருடைய செம்பு இணைப்பை யாரும் தொட வேண்டாம். ஃபைபரை என் பெயரில் தனியாக வாங்கிக்கொண்டேன். சுவருக்கு? போன் வயர் உள்ளே வருவதற்காக அவர் கணவர் காலத்தில் போட்ட துளை முன் போர்ஷனில் அப்படியே இருக்கிறது. அதைக் காட்டியது அவர்தான். "இதுல போவுமா பாரு." போனது. அங்கிருந்து பரண் வழியாகப் பின் போர்ஷனுக்கு. கண்ணாடி இழையைச் சட்டென்று மடக்கினால் ஒளி கசிந்துவிடும், மூலைகளில் தாராளமாக வளைத்து விட வேண்டும். டிரில்லிங் மெஷின் பையை விட்டு வெளியே வரவில்லை. வாடகை ஒப்பந்தத்தின் கீழே இரண்டு வரி சேர்த்தோம். காலி செய்யும்போது இழையை எடுப்பதா விடுவதா என்பது அம்மாவின் விருப்பம், எடுத்தால் துளையைச் சுற்றிப் பூசிக் கொடுக்க வேண்டியது என் செலவு.

*

நல்லபடியாக முடிந்தது என்று இங்கேயே நிறுத்தலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. நல்லபடியாக முடிந்ததற்குக் காரணம் அந்த அம்மாவின் நல்ல குணம். பழைய துளை இல்லாமல் இருந்திருந்தால்? 'ஏன்' என்று கேட்டதற்கே "காலி பண்ணிக்கோ" என்று வந்திருந்தால்? நல்ல எஜமானர் கிடைப்பது அதிர்ஷ்டம். நல்ல எஜமானர் தேவைப்படுவதே குறை. அவர் சரி என்ற அன்று எனக்குச் சந்தோஷத்தோடு ஒரு கூனலும் வந்தது. பணம் கொடுத்து இருக்கும் வீட்டில், என் செலவில் என் வேலையைச் செய்துகொள்வதற்கு நன்றிக்கடன்பட்டேன். அந்த வாரம் அவருக்கு ரேஷன் கடையில் நான் நின்றது அன்பினாலா, கடனாலா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உரிமையாக இருந்திருந்தால் அது சுத்தமான அன்பாக இருந்திருக்கும். உரிமைகள் மனிதர்களைப் பிரித்துவிடும், தயவுதான் சேர்த்து வைக்கும் என்று பெரியவர்கள் சொல்வதை இதனால்தான் நான் ஏற்பதில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. செம்பு நிரந்தரமில்லை. பராமரிப்புச் செலவு அதிகம், பயன்படுத்துவோர் குறைவு என்று உலகமெங்கும் அதைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். பிரிட்டனில் பழைய தொலைபேசி வலையமைப்பை மொத்தமாக மூடும் தேதியை, 2025 முடிவிலிருந்து 2027 ஜனவரிக்குத் தள்ளி வைத்தார்கள். தள்ளி வைத்ததற்கு ஒரு முக்கியக் காரணம், அந்த அம்மாவைப் போல அதையே நம்பி இருப்பவர்கள். ஃபைபருக்கு மாறிய பிறகும் லேண்ட்லைனை மட்டுமே நம்பி இருப்பவர்களுக்கு, மின்சாரம் போனால் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர அழைப்புக்கு வழி செய்து தர வேண்டும் என்று அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையம் வைத்திருக்கிறது.

நாளை எங்கள் தெருவிலும் ஓர் ஆள் ஏணியோடு வந்து செம்புக் கம்பியைச் சுருட்டலாம். அன்று வீட்டுக்காரம்மாவும் ஒரு வாடகைக்காரர்தான். கம்பி அவருடையதில்லை, நம்பர் அவருடையதில்லை. பில் கட்டி அனுபவித்தது மட்டும்தான் அவருடையது. அவருக்கு அன்று என்ன கிடைக்க வேண்டும்? எனக்கு என்ன கிடைக்க வேண்டும் என்று இத்தனை பக்கம் வாதாடினேனோ அதேதான். என்ன காரணம் என்று முன்கூட்டி ஒரு வார்த்தை. குறைந்த சேதம். போன வசதிக்கு ஈடாக ஒரு பேட்டரியாவது. கம்பியைச் சுருட்ட வருபவருக்கும் சுவருக்குச் சொந்தக்காரருக்கும் ஒரே விதி பொருந்தாவிட்டால், நான் பேசியது அறம் இல்லை, என் இன்டர்நெட் வேகம் மட்டும்தான்.

எனவே என் முடிவை இப்படி வைக்கிறேன். ஒருவர் வாழும் இடத்தில், அந்த வாழ்வுக்குத் தேவையான ஒன்றை மறுக்க நினைப்பவர்தான் காரணம் சொல்ல வேண்டும். கேட்பவர் கெஞ்ச வேண்டியதில்லை. காரணம் சொத்தைப் பற்றியதாக இருந்தால் கேட்பவர் அதை மதித்து வழி தேட வேண்டும், போகும்போது இருந்தபடி திருப்பித் தர வேண்டும். காரணமே சொல்லப்படாவிட்டால் அந்த மறுப்புக்கு எடை இல்லை. இதைச் சட்டமாக எழுதுவது கடினமில்லை, பிரெஞ்சுக்காரர்கள் ஆன்டெனாவுக்கே எழுதியிருக்கிறார்கள். சட்டம் வரும்வரை ஒப்பந்தப் பத்திரத்தில் இரண்டு வரி எழுதிக்கொள்ள யாரும் தடையில்லை. நம்மில் பெரும்பாலோர் அந்தப் பத்திரத்தைப் படிக்காமலேயே கையெழுத்துப் போடுகிறோம்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் இப்போது பிஜியிலோ, நாலு பேர் சேர்ந்து எடுத்த மாடி வீட்டிலோ இருப்பீர்கள். ஒருநாள் சிலருக்கு வீடு அமையும். அதில் ஒரு போர்ஷனை வாடகைக்கு விடுவீர்கள். யாரோ ஒரு பெண் அட்வான்ஸோடு வந்து, "அண்ணா, இங்க ஒரு வயர் இழுத்துக்கலாமா?" என்று கேட்பாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தால், சொல்லலாம். கூடவே ஏன் என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால், வயரை இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.